அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விடலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். குடியை நிறுத்தி 14 மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகள் கூட்டமைப்பின் மீட்டிங்குக்குப் போகிறீர்கள். அதன் பன்னிரண்டு படிகளில் நாலாவதை, அதாவது தன் தவறுகளையும் கோபங்களையும் கணக்கெடுப்பதை, ஒரு நோட்டு முழுக்க எழுதி முடித்தாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பான்சரோடு, அதாவது குரூப்பில் உங்களுக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினரோடு, உட்கார்ந்து ஐந்தாவது படி: எழுதியதை வாய்விட்டுச் சொல்வது. ஆனால் நோட்டில் ஏறாத விஷயம் ஒன்று இருக்கிறது. "அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னால் போதாதா? குரூப்பில் எல்லோரும் விட்டுவிடு, விட்டுவிடு என்கிறார்கள். சாமி கும்பிடாத நான் யாரிடம் விடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவி இன்னும் ராத்திரி நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை முகர்ந்து பார்க்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் இதே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

போதுமா போதாதா என்று கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். அதைக் கேட்ட பிறகும் எதிரே இருப்பவர் என்னை மனுஷனாகப் பார்ப்பாரா? சொன்ன பிறகாவது அது என்னை விட்டுப் போகுமா? இந்த இரண்டும்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 22 வருடமாகக் குடிநோய் சிகிச்சை மையங்களில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நான் குடிநோயாளி அல்ல. அதனால் நீங்கள் உட்காரப் போகிற நாற்காலியில் நான் உட்கார்ந்தது கிடையாது, எதிர் நாற்காலியில்தான் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவது படி "இன்னொரு மனிதரிடம்" என்றுதான் சொல்கிறது, அவர் ஸ்பான்சராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சிலர் பாதிரியாரிடம் போவார்கள், சிலர் டாக்டரிடம், சிலர் என்னைப் போன்ற ஆலோசகரிடம். கீழே சொல்லும் ஆட்களின் ஊர், தொழில், உறவு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? 1939-ல் வந்த ஏ.ஏ.வின் அடிப்படைப் புத்தகம் இதில் கறாராகப் பேசுகிறது. மற்றப் படிகளை எல்லாம் ஒழுங்காகச் செய்தும் திரும்பக் குடித்தவர்கள் பலர், தங்கள் கணக்கெடுப்பில் மிக மோசமானவற்றைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டவர்கள் என்கிறது. இது அன்றைக்குக் குடியை நிறுத்தியிருந்த சுமார் நூறு பேரின் அனுபவத்திலிருந்து வந்த பேச்சு, ஆய்வு முடிவு அல்ல. ஆய்வு என்று பார்த்தால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளை, அதாவது 10,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையில் இருந்தவர்களில், ஒரு வருடம் கழித்தும் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தவர்கள் மற்றச் சிகிச்சைகளில் இருந்தவர்களை விட அதிகம் என்று கண்டது. இதை நம்பலாம். ஆனால் அந்தப் பலன் எந்தப் படியால் வந்தது என்று அந்த ஆய்வுகள் பிரித்துச் சொல்லவில்லை. ஏன் பலன் கிடைக்கிறது என்று தனியாகப் பார்த்தவர்கள் அதிகம் கை காட்டுவது பழகும் கூட்டம் மாறுவதை: குடிக்கிற சிநேகிதர்கள் குறைந்து, குடிக்காதவர்கள் கூடுவதை. ஆகவே "அந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் நிச்சயம் குடித்துவிடுவீர்கள்" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால், அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு பத்து வருடம் குடிக்காமல் இருந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் படி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது எதைக் கேட்கிறது என்பதும் புரியும். 1935-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரும் சந்தித்ததிலிருந்து ஏ.ஏ. தொடங்குகிறது. இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு பழகியவர்கள். தன் பாவத்தை இன்னொருவரிடமோ கூட்டத்திலோ வாய்விட்டுச் சொல்வது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் பில் ஐந்தாவது படியாக ஆக்கினார். ஆனால் கூட்டத்தை எடுத்துவிட்டு, கடவுளிடம், தன்னிடம், இன்னொரு மனிதரிடம் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டார். மீட்டிங்கில் எழுந்து நின்று சொல்லச் சொல்லி எந்தப் படியும் கேட்கவில்லை. அதோடு "பாவங்களை" என்று எழுதாமல் "நம் தவறுகளின் துல்லியமான தன்மையை" என்று எழுதினார். என் அனுபவத்தில் முழு விஷயமும் இந்தத் "துல்லியமான" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

ஏனென்றால் பொதுவாக ஒப்புக்கொள்வது நமக்குக் கஷ்டமே இல்லை. "எல்லாம் என் தப்புதான் சார், நான் பாவி, என்னை செருப்பால் அடிக்க வேண்டும்" என்று சேர்ந்த முதல் நாளே அழுபவர்களை மாதம் பத்துப் பேரையாவது பார்ப்பேன். அழுகை பொய் இல்லை. ஆனால் "எல்லாம் என் தப்பு" என்பது ஒரு பெரிய போர்வை. அதைப் போர்த்திக்கொண்டால் கேட்பவர் மேற்கொண்டு எதையும் கேட்க முடியாது. வீட்டிலும் இதுதானே நடந்திருக்கும்? மனைவி ஒன்றைக் கேட்பார், நீங்கள் "சரி, நான்தான் மோசமானவன், போதுமா?" என்பீர்கள், பேச்சு முடிந்துவிடும். தேதி, தொகை, ஆளின் பெயர், எந்த அறையில், யார் பார்த்தார்கள் என்று வரும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாக்கு ஒட்டுகிற அந்த இடம்தான் படி கேட்கிற இடம்.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். நாலாவது படியில் கோபங்களை எழுத மூன்று பத்தி போடச் சொல்வார்கள்: யார் மேல், எதற்காக, அதில் என்னுடைய எது அடிபட்டது. அதற்குப் பிறகு அடுத்தவர் செய்ததை ஒதுக்கிவிட்டு, இதில் என் பங்கு என்ன என்று பார்க்க வேண்டும். பழக்கத்தில் இதை நாலாவது பத்தியாகவே கோடு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் நீளமான கணக்கு நோட்டில், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, அழகாக எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரி அவருடைய மச்சான். எதற்காக: தங்கை கல்யாணத்தில் பந்தியில் எல்லோர் முன்னாலும் "குடிகாரனை எவன் உள்ளே விட்டது" என்று கேட்டார். எது அடிபட்டது: கௌரவம். நாலாவது பத்தி காலி. மூன்று வாரம் அது காலியாகவே இருந்தது. ஒவ்வொரு வாரமும் வந்து மச்சானைப் பற்றிப் புதிதாக ஒன்று சொல்வார். நாலாவது வாரம் நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: "மொய்ப் பையிலிருந்து 3,000 எடுத்தேன். மச்சான் பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை." ஒன்பது வருடம் அவர் மச்சானைத் திட்டிக்கொண்டிருந்தது, தன் திருட்டை வெளியே சொல்லாமல் காப்பாற்றிய ஒரு மனிதரை. அதை எழுதிய அன்று அவருக்கு மச்சான் மேல் இருந்த கோபம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "கோபப்பட ஒன்றும் இல்லையே சார் இப்போ."

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாலாவது பத்தி காலியாகவே இருக்க வேண்டிய வரிகளும் உண்டு. சின்ன வயதில் யாராவது உங்களிடம் தகாத முறையில் நடந்திருந்தால், அடித்துத் துவைத்திருந்தால், அதில் உங்கள் பங்கு என்று எதுவும் கிடையாது. அந்த வரியில் பங்கு தேடச் சொல்லும் ஸ்பான்சர் நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் தப்பாகச் சொல்கிறார். நீங்கள் சொல்லாமல் வைத்திருப்பது நீங்கள் செய்ததா, உங்களுக்குச் செய்யப்பட்டதா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. வெட்கம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் பலர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். உங்களுக்குச் செய்யப்பட்டது என்றால் அதை முதலில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். அது ஐந்தாவது படிக்குரிய "தவறு" அல்ல.

இனி உங்கள் முதல் பயம். கேட்பவர் எப்படிப் பார்ப்பார்? பல வருடத்துக்கு முன் ஒரு லாரி டிரைவர், வயது ஐம்பதுக்கு மேல், என்னிடம் ஐந்தாவது படி சொல்ல வந்தார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் இரண்டு வரை பேசினார். ஆயில் திருடியது, வழியில் பெண்களிடம் போனது, மூத்த மகனை பெல்ட்டால் அடித்தது, எல்லாம் ஒன்றுவிடாமல். முடிந்தது என்று எழுந்து கும்பிட்டார். வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, இன்னொரு செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அப்பாவுக்கு ஊசி வாங்கச் சொல்லி அம்மா 2,000 கொடுத்தது. நான் கடைக்குப் போயிட்டேன்." அப்பா மறுநாள் விடிகாலை இறந்துபோனார். அந்த ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவர் எந்த டாக்டரிடமும் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம். நாலு மணி நேரம் பேசியதெல்லாம் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காரச் சொன்னேன்.

நான் என்ன நினைத்தேன் என்பதை உங்களுக்காகச் சொல்கிறேன். அருவருப்பு வரவில்லை. காலையிலிருந்து இந்த மனிதர் இதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே என்றுதான் தோன்றியது. அதற்கு முன் சொன்ன நாலு மணி நேரத்தில் அவரோடு எனக்கு உண்டான நெருக்கத்தை விட அந்த ஒரு நிமிடத்தில் உண்டானது அதிகம். நான் பெரிய மனசுக்காரன் என்பதால் அல்ல. கேட்கிற இடத்தில் உட்கார்ந்த பலரிடம் பேசியிருக்கிறேன், கிட்டத்தட்ட எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அதிலும் உங்கள் ஸ்பான்சர் குடிநோயாளி. அவரும் ஒருநாள் இன்னொருவர் எதிரே உட்கார்ந்து வியர்த்தவர்தான். ஆனால் இதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கேட்டுவிட்டு முகம் சுளித்த, வெளியே உளறிய ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் யாரிடம் சொல்வது என்பது முக்கியம், அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, சொன்னால் போய்விடுமா? அந்த டிரைவர் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி ஒன்றும் வரவில்லை. பசிக்கிறது என்றார். இரண்டு பேரும் மெஸ்ஸில் போய்ச் சாப்பிட்டோம். அப்பாவின் திதி வந்தபோது அழுதார், அடுத்த வருடமும் அழுதார். துக்கம் போகவில்லை, செய்ததும் செய்யாததாக ஆகிவிடவில்லை. ஆனால் ஒன்று போயிருந்தது. அதற்கு முன் வீட்டில் யாராவது அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பீடி வாங்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே போய்விடுவார், திரும்பி வரும்போது பெரும்பாலும் போதையோடு வருவார். இப்போது உட்கார்ந்து கேட்க முடிகிறது என்றார். "அம்மா அவரைப் பற்றிச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுது சார், இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை." போனது குற்ற உணர்வு அல்ல, காவல் காக்கிற வேலை. யார் எப்போது எந்தப் பேச்சை எடுப்பார்களோ என்று இருபத்து நாலு மணி நேரமும் ஒரு கண் அங்கேயே இருக்கும். பத்து வருடம் குடிக்காமல், ஆனால் ஒன்றை மறைத்துக்கொண்டு இருந்தவர்கள் என்று மேலே சொன்னேனே, அவர்களிடம் நான் பார்த்தது இதைத்தான்: ஓய்வே இல்லாத காவல். வீட்டில் சின்னப் பேச்சுக்கும் எரிந்து விழுவார்கள், தூக்கம் இருக்காது, குடிக்கவும் மாட்டார்கள்.

14 மாதமாகியும் சொல்ல முடியவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். இந்தப் படியை எழுதிய பில் வில்சன் குடியை நிறுத்தியது 1934 டிசம்பரில். 1940-ன் குளிர்காலத்தில், நியூயார்க்கில் ஏ.ஏ.வின் சிறிய கிளப்பில் அவர் மனம் சோர்ந்து கிடந்த ஓர் இரவு, எட் டவ்லிங் என்ற ஜெசூயிட் பாதிரியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவரைத் தேடி வந்தார். டவ்லிங் குடிநோயாளி அல்ல. அந்த இரவு பில் அதுவரை யாரிடமும் சொல்லாதவற்றை அவரிடம் கொட்டினார். அதையே தன் உண்மையான ஐந்தாவது படியாகப் பின்னால் நினைவுகூர்ந்தார். குடியை நிறுத்தி ஏறக்குறைய ஆறு வருடம், அந்தப் படியைத் தன் கையால் எழுதி இரண்டு வருடம் ஆன பிறகு அது நடந்தது.

அடுத்து, யாரிடம் விடுவது. பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், அதை மறைக்க முடியாது. ஆனால் "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று அந்தச் சொல்லைத் தளர்த்தியதில், தொடக்க நாட்களில் இருந்த ஜிம் என்ற நாத்திகரின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஏழாவது படியின் முதல் வடிவத்தில் மண்டியிட்டுக் கேட்க வேண்டும் என்று இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். நம்பிக்கை இல்லாத பலர் தங்கள் குரூப்பையே தங்களை விடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள், அது தப்பே இல்லை. நான் வேலை பார்த்த இடங்களில் கறுப்புச் சட்டைக் குடும்பத்திலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள், மாலை போட்டு மலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். மாலை போட்டவர்களுக்கு விடுவது சுலபமாக வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. 48 நாள் விரதத்தில் துளிகூடத் தொடாதவர், மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

"விட்டுவிடு" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு காரியங்களை. ஒன்று, மறந்துவிடு, போகட்டும் என்பது. படிகள் அதைக் கேட்கவில்லை; மறந்துவிடச் சொன்னால் எட்டாவது படியில், யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போடச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, முடிவை என் கையில் வைத்திருப்பதை விடுவது. நான் இதைச் சொன்னால் அவர் என்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதையும் நானே தீர்மானிக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டிருக்கிறோமே, அதை விடுவது. குடிநோயாளிகள் பலரிடம் இந்தப் பிடி மிக வலுவாக இருக்கிறது. பல வருடம் எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று கணக்கு வைத்துப் பழகியவர்கள் அல்லவா. மீட்டிங் முடிவில் நீங்கள் சொல்கிற வேண்டுதலில், மாற்ற முடியாததை ஏற்க அமைதி, மாற்றக்கூடியதை மாற்றத் துணிவு, இரண்டையும் பிரித்தறிய அறிவு என்று வருகிறது. ரைன்ஹோல்ட் நீபர் என்ற அமெரிக்க இறையியலாளர் எழுதியதாகக் கருதப்படுவது அது. நம்பிக்கை இல்லாதவரும் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில், நடந்ததும் ஸ்பான்சரின் மனமும் மாற்ற முடியாத பக்கம். வாயைத் திறப்பது மாற்றக்கூடிய பக்கம். யார் கையில் ஒப்படைப்பது என்று தெரியாதவரும் கையைத் திறக்க முடியும்.

மனைவி விஷயமும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. அவர் முகர்ந்து பார்ப்பது உங்களுக்கு அவமானமாக இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் நம்ப வேண்டும் என்பதும் நீங்கள் பிடித்து வைத்திருக்கிற ஒரு முடிவுதான். பில் வில்சன் குடியை நிறுத்திய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீக்கிரம் கிளம்பு, கூட்டத்துக்கு நேரமாகிவிடும் என்று மனைவி லோயிஸிடம் சொன்னார். லோயிஸ் கையிலிருந்த ஷூவை அவர் மேல் எறிந்தார். இத்தனை வருடம் தான் பாடுபட்டும் நிற்காத குடி யாரோ சொல்லி நின்றுவிட்டது என்ற ஆத்திரம் அது என்று லோயிஸே பிறகு கண்டுகொண்டார். 1951-ல் குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பைத் தொடங்கிய இருவரில் லோயிஸ் ஒருவர். உங்கள் மனைவிக்கும் அவருடைய வேகத்தில் விடுவதற்கு நேரம் கொடுங்கள். 14 மாதம் உங்களுக்கு நீளம். அவருக்கு அதற்கு முந்தைய வருடங்கள்தான் நீளம்.

அதே சமயம், இந்த விஷயத்தை முதலில் மனைவியிடமே சொல்லிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். வேலைக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். சேர்ந்து இருபது நாள் ஆன ஒருவர், வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்ததை என்னிடம் சொல்லி அழுதார். உண்மைதான் உங்களைக் காப்பாற்றும், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த மனைவியிடம், மரத்தடி பெஞ்சில் வைத்துச் சொன்னார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார், அப்படியே பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இவர் மறுநாளே வெளியேறிக் குடித்தார். அவருடைய பாரத்தை இறக்க அந்தப் பெண்ணின் தலையில் வைக்கச் சொன்னது நான். பொறுப்பு என்னுடையது, இன்றுவரை அந்த டிபன் கேரியர் சத்தம் எனக்கு மறக்கவில்லை. நம்மைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரைப் பலியாக்க உரிமை இல்லை என்று 1939 புத்தகமே இந்த இடத்தில் எச்சரிக்கிறது. பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் பரிகாரம் செய்யச் சொல்லும் ஒன்பதாவது படியும், பிறரைக் காயப்படுத்தும் என்றால் தவிர, என்றுதான் சொல்கிறது. ஐந்தாவது படி உங்களுக்காக. பாதிக்கப்பட்டவரிடம் பேசுவது வேறு படி, வேறு நாள், ஸ்பான்சரோடு கலந்து பேசிவிட்டுச் செய்ய வேண்டியது.

யாரிடம் என்றால்: சொந்தக்காரர் வேண்டாம். நீங்கள் சொல்வதால் அடிபடக்கூடியவர் வேண்டாம். வழக்கமாக ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். மற்றவர்கள் சொன்னதை உங்களிடம் கதையாகச் சொல்லாதவர், இது மிக முக்கியம், ஏனென்றால் நாளைக்கு உங்கள் கதையையும் அவர் சொல்வார். சின்ன ஊரில் ஸ்பான்சரே உங்கள் சித்தப்பாவின் கடையில் கணக்கு எழுதுபவராக இருக்கலாம், நாலு பேர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அப்படியானால் பக்கத்து ஊர் குரூப்பில் பழைய உறுப்பினர் ஒருவரைத் தேடுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வேறொருவரிடம் சொல்வதும் செல்லும்.

அந்த ஒன்று சட்டப்படி குற்றம் என்றால் முதலில் வக்கீலிடம் பேசுங்கள். ஸ்பான்சரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1988-ல் நடந்த ஒரு இரட்டைக் கொலை வழக்கில், குற்றவாளி ஏ.ஏ. நண்பர்களிடம் சொன்னது சாட்சியமாக வந்தது, 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லும் என்றது. சட்டம் நான் படித்ததில்லை, அதனால் இதற்கு மேல் நான் பேசக் கூடாது. அதே மாதிரி, அதை நினைக்கும்போதெல்லாம் செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், அல்லது நேரே ஒரு மனநல டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

இது எதுவும் இல்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றால், சனிக்கிழமை ராத்திரி ஒரு தனித்தாளை எடுத்து அந்த ஒன்றை மூன்று வரியில் எழுதுங்கள். எப்போது, யாரிடம், என்ன. காரணம் எழுத வேண்டாம், "நான் பாவி" என்று எழுத வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தாளை வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள். மொட்டை மாடியோ ஆள் நடமாட்டம் இல்லாத பூங்காவோ, யாரும் குறுக்கே வராத இடமாகப் பாருங்கள். டீக்கடை வேண்டாம். நாலைந்து மணி நேரம் ஆகும், இரண்டு பேரும் போனை அணைத்து வையுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உட்கார்ந்ததும் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் "நான் சொல்லாமல் போகத்தான் நினைத்தேன், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்" என்று ஆரம்பியுங்கள். வாய் வரவில்லை என்றால் தாளை அவர் கையில் கொடுத்து அவரையே படிக்கச் சொல்லுங்கள், அதுவும் சொன்னதுதான். முடிந்ததும் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா இருங்கள், அந்தப் பழைய புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. அன்று இரவு மனைவி வழக்கம் போல முகர்ந்து பார்க்க வருவார், நின்று கொடுங்கள்.